நான்காம் மாடி அத்தியாயம்

ஜாஸிம் மாமா கட்டில் ஓரமாகக் குனிந்து, சபாபதியின் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "அண்ணே, கேட்டுக்குங்க, கடைசியில அந்தக் கதவு..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்காத கை மெல்ல எழுந்து வந்து, மாமாவின் வாயைப் பொத்தியது.

"அலமாக்!" என்று பதறினார் மாமா அந்தக் கைக்குள்ளிருந்தே.

"என்னப்பா? ராத்திரியிலிருந்து 'தொறந்தாளா, தொறந்தாளா'ன்னு நீங்கதான கேட்டீங்க?" என்றான் வசந்தன்.

அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "சொல்லக் கூடாது. படிச்சுக் காட்டணும்."

கால்மாட்டில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்கே நியாயம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எந்தப் படத்துக்குப் போனாலும் கொலகாரன் யாருன்னு இடைவேளைக்கு முன்னாடியே சொல்லி என் உசுர வாங்குன மனுஷன். இன்னைக்கி இவருக்கு மட்டும் சொல்லக் கூடாதாம்."

சிரித்துவிட்டு அப்படியே சமையலறைப் பக்கம் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது.

விஷயம் இதுதான். மலேசியாவில், மாசாயில் அந்த அடுக்குமாடியில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்து வைத்தவர் இரண்டாம் மாடி பிரேமலா டீச்சர். பேச்சு வார்த்தை இல்லாத அக்கா தங்கை இரண்டு பேரின் கதை. முதலில் வீட்டுக்கு ஒரு புத்தகம் என்றுதான் டீச்சர் கனவு கண்டார். கிடைத்தது மொத்த புளோக்குக்கும் ஒரே ஒரு புத்தகம். டீச்சர் அசரவில்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து முதுகை வெட்டி, ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியாகப் பிரித்து, அட்டை போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டார். முதல் அத்தியாயம் முதல் மாடியில் புறப்படும். படித்த வீடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு ஓடக் கூடாது, உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துப் பேச வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பக் கூடாது. "படம் எடுத்து அனுப்பவா நான் புஸ்தகத்த வெட்டுனேன்?" என்பார் டீச்சர். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், முன்னால் படித்தவர் பின்னால் படிப்பவருக்குக் கதை சொல்லக் கூடாது.

அதனால் அந்த புளோக்கில் மாடி ஏற ஏற ஞானம் குறைந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் லிஃப்டில் மேல்வீட்டுக்காரர்களைப் பார்த்து அர்த்தத்தோடு சிரித்தார்கள். எட்டாம் மாடிக்காரர் ஒருவர் லிஃப்டில் பேச்சு எழுந்தாலே காதைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கினார்.

வசந்தன் மட்டும் இதில் சேரவில்லை. அவனுக்கு வேலை சிங்கப்பூரில், ஒரு கிடங்கில். விடிவதற்கு முன் மோட்டாரில் பாலத்தைக் கடந்தால், திரும்பி வருகையில் டீச்சரே தூங்கியிருப்பார். அவன் கடைசியாகப் படித்த புத்தகம் லைசென்ஸ் எடுக்கப் படித்த சாலைச் சட்டப் புத்தகம். படித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, பாஸ் ஆனான். புத்தகம் படிக்காததற்கும் நாற்பது வயதில் கல்யாணம் ஆகாததற்கும் ஒரே காரணத்தைத்தான் எல்லாரிடமும் சொல்வான்: முன்னுரையே புரியல, அதோட மூடி வச்சிட்டேன்.

அப்பாவுக்கும் அவனுக்கும் இடையே இருந்த பேச்செல்லாம் மோட்டார் பேச்சு. "எண்ணெய் மாத்துனியா?" என்பார். "மாத்திட்டேன்பா" என்பான். பாசிர் கூடாங்கில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர், எதையும் எண்ணெய் வழியாகத்தான் விசாரிப்பார். பாசம், கோபம், பயம் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடும். அந்த மனிதர் இன்று முதல் தடவையாக வேறொன்று கேட்டிருக்கிறார்.

"சரி, கடைசி அத்தியாயம் எங்க?" என்றான் வசந்தன். "மாமா, நீங்கதான எங்களுக்கு முந்தின வீடு? உங்கக்கிட்டதான இருக்கணும்?"

ஜாஸிம் மாமா அதே நான்காம் மாடியில் அடுத்த வீடு. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். எந்த அத்தியாயத்தையும் முதலில் அவர் படித்து, அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அப்பா முடிக்கும்வரை ஒன்றும் தெரியாத முகத்தோடு எதிரில் உட்கார்ந்து புகையிலை சுருட்டுவார். அந்த முகத்தைப் பார்த்து அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு ஏறும். இதற்கு முந்திய அத்தியாயம், அக்காக்காரி தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்பதோடு முடிந்திருந்தது. தங்கை திறக்க மாட்டாள் என்பது அப்பாவின் கட்சி. "நானா இருந்தா தொறக்க மாட்டேன் லா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு டாக்டர் ஒரு நாள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

மாமா தலையைச் சொறிந்தார். "ஒங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு தம்பி. மேல எல்லாரும் என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டாங்க. டீச்சர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அஞ்சாம் மாடிக்குக் குடுத்துட்டேன். கருப்பாயிகிட்ட."

"அக்கா வீட்லயா இருக்காங்க?"

"சனிக்கிழமை வீட்ல இருப்பாளா? ஜொகூர் பாருவுல, கோயில் வாசல்ல பூக்கட்டிக்கிட்டு இருப்பா. பேசுறதுக்கு மட்டும் ஒரு போன் வச்சிருக்கா. அதையும் எடுக்க மாட்டா, கை ஈரம்னு சொல்லுவா."

வசந்தன் அப்பாவைப் பார்த்தான். நெஞ்சு ஏறி இறங்குவது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. போக வரக் குறைந்தது ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் ஏதாவது ஒன்று...

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"போயிட்டு வா. இங்க ஒக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்ன பண்ணப் போற? கேட்டதே ஒண்ணுதான்."

"அதுக்குள்ள..."

"போடா."

லாரிகளுக்கு நடுவே அவன் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால், சாலைச் சட்டப் புத்தகத்தை எழுதியவர் அழுதிருப்பார். கோயில் வாசலில் கருப்பாயி அக்கா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் ஆபீஸ் உடையில் ஒரு பெண், தோளில் பையோடு, நின்ற வாக்கில் சத்தமாக எதையோ படித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் உறையை அடையாளம் தெரிந்தது.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. அதற்காக அவள் புத்தகத்தில் சேராமல் இருந்துவிடவில்லை. பூ வாங்க வருகிற ஆளிடம் உறையை நீட்டி, "ஒரு பக்கம் படிச்சுட்டுப் போம்மா" என்பாள். படித்தவர்களுக்கு நாலு பூ கூட வைத்துக் கொடுப்பாள். இப்படி முன்பின் தெரியாத ஆட்களின் குரலிலேயே இதுவரை வந்த கதையை எல்லாம் கேட்டிருந்தாள். ஆளுக்கொரு பக்கம் படித்துவிட்டுப் போனவர்களில் சிலர், மிச்சக் கதை கேட்க மறுவாரம் வந்து நின்றதும் உண்டு.

வசந்தன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னான்.

அக்காவின் கை நின்றது. "இப்பத்தான் அந்த அக்காக்காரி ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறா வாசல்ல. உள்ள வெளக்கு எரியுதாம். இன்னும் மூணு தாளு இருக்கும்." ஒரு நொடி அந்தப் பெண்ணின் கையில் இருந்ததையே பார்த்தாள். அப்புறம் எழுந்து, கையைப் புடவையில் துடைத்து, உறையை வாங்கி, அவன் சட்டைக்குள் தானே சொருகிவிட்டாள். "நான் எப்பவேணா கேட்டுக்குவேன். எனக்கென்ன, ஊரே படிச்சுக் குடுக்கும். நீ ஓடு."

"அக்கா, எதுவும்..."

"ஓடுறான்னா."

பூ வாங்க வந்த பெண் பாவமாக, "அப்ப கதவு?" என்றாள். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

சிக்னலில் நின்றபோதுதான் வசந்தனுக்கு அது உறைத்தது. அங்கேயே போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தால், மாமா இந்நேரம் பாதி படித்துக் காட்டியிருப்பார். டீச்சரின் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. கையில் போனை வைத்துக்கொண்டு, தினமும் இரண்டு நாட்டைக் கடக்கிற ஆள், தாளை நெஞ்சில் சுமந்துகொண்டு குதிரைவீரன் மாதிரி பறக்கிறான். "முட்டாப் பயலே" என்று ஹெல்மெட்டுக்குள் தன்னைத்தானே வைதுகொண்டு, சாலையோரம் நிறுத்தி, உறையை வெளியே எடுத்து, பெட்ரோல் டாங்கின் மேல் முதல் பக்கத்தை விரித்துப் பிடித்தான். படம் எடுக்கப் போனைத் தூக்கியபோது போன் அடித்தது.

ஜாஸிம் மாமா.

"மாமா, ஒரு நிமிஷம், இப்பவே படம் எடுத்து அனுப்புறேன், நீங்க படிச்சு..."



"தம்பி, மெதுவா வா லா," என்றார் மாமா. "அவசரம் ஒண்ணும் இல்ல."

*

மறுநாள் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துப் பொது இடத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு நாற்காலிகள். பாலோ ஊரிலிருந்து மலர் அத்தை வந்திறங்கியவுடன் அண்ணனின் முகத்தைத் தொட்டு அழுதாள். அழுது முடித்ததும் வசந்தனைத் தேடிப் பிடித்தாள்.

"அப்பன் மூச்சு விடுறப்ப நீ எங்கடா போயிருந்த?"

"ஜொகூர் பாருவுக்கு அத்தை."

"என்ன ஜோலி?"

"ஒரு புஸ்தகம் வாங்க."

அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துல தலகீழா நின்னும் புஸ்தகத்தத் தொடாத பய. தொட நல்ல நேரம் பாத்தான் பாரு."

அவள் சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை என்று அவனுக்கே பட்டது.  தான் போயிருந்த வேளையில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டிருந்தான். பெரிசா ஒண்ணுமில்ல, என் கையப் புடிச்சிருந்தார், அப்படியே போயிட்டார் என்றாள். "ஏதாச்சும் சொன்னாரா?" என்றதற்கு, "நீ கெளம்பினதுக்கு அப்புறம் கேட்டாரு, எண்ணெய் மாத்துனானான்னு. மாத்திட்டான்னு சொன்னேன்." அவன் மாற்றியிருக்கவில்லை. அதை அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

சட்டைக்குள் உறை இருந்தது. நேற்று இருந்த சட்டையல்ல, வேட்டிக்கு மேல் போட்ட வெள்ளைச் சட்டை. ஆனால் உறையை மாற்றி வைத்துக்கொண்டான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. சாவு வீட்டிலிருந்து ஒரு பொருளை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாமா என்றுகூட மேல்மாடிக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. அவர்கள் அவன் சட்டையின் முன்புறத் தடிப்பைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்கள்.

தேவாரம் முடிந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். சவவண்டிக்காரர் திருச்செல்வம் பெட்டி மூடியை எடுத்துவந்து சுவரோரம் நிறுத்திவிட்டு, "அப்ப மூடிரலாங்களா?" என்றார்.

"ஒரு நிமிஷம் பாஸ்," என்றான் வசந்தன்.

உறையை வெளியே எடுத்தான். என்ன செய்யப்போகிறான் என்று முதலில் புரிந்துகொண்டவர் ஜாஸிம் மாமா. எழுந்து வந்து அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்னது இது?" என்றாள் அத்தை. "தேவாரம் பாடுன எடத்துல கதப்புஸ்தகமா? யாரும் கேக்க மாட்டீங்களா?"

"அண்ணன் கேட்டாரும்மா," என்றார் மாமா. "தம்பி வாங்கிட்டு வர்றதுக்குள்ள..." மேலே சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

திருச்செல்வம், "சுடலையில நமக்குப் பின்னாடி வேற ஆளு இருக்காங்க தம்பி, எவ்வளவு பெருசு?" என்று கேட்டார்.

"சின்ன அத்தியாயம். ஆனா படிக்கிறது நானு," என்றான் வசந்தன். "அதான் கொஞ்சம் பயமா இருக்கு."

கூட்டத்துக்குள் ஒரு சலசலப்பு. பிரேமலா டீச்சர் முன்னால் வந்தார். கண் சிவந்திருந்தது. இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான். "ஒரு நிமிஷம் எல்லாரும் கவனிங்க. கடைசி அத்தியாயம் படிக்கப் போறாங்க. அஞ்சாம் மாடியும் அதுக்கு மேல உள்ளவங்களும் தயவுசெஞ்சு அந்தக் குப்பைத்தொட்டிப் பக்கம் போய் நில்லுங்க."

மறுபேச்சில்லாமல் பாதிக் கூட்டம் எழுந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம். தப்பு அடிக்க வந்தவர்களில் ஒருவர் ஒன்பதாம் மாடி. அவர் தப்பை நாற்காலியில் வைத்துவிட்டு, சபாபதியின் பெட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். வெயிலில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"நாங்க எங்க போறது?" என்று கேட்டார் பாலோவிலிருந்து வந்த ஒருவர்.

"நீங்க இருக்கலாம் சார். நீங்க இந்த ஆட்டத்துலயே இல்ல."

மாலையோடு வந்திருந்த கருப்பாயி அக்கா பாதி எழுந்து பாதி உட்கார்ந்தாள். "டீச்சர், நான் அஞ்சாம் மாடி. பாதி கேட்டுட்டேன். போகவா, இருக்கவா?"

"இருங்கக்கா."

அப்புறந்தான் எல்லாருடைய கண்ணும் பெட்டியின் தலைமாட்டுக்குப் போனது. தனலெட்சுமி நான்காம் மாடி. கடைசி அத்தியாயம் அவளுக்கும் இன்னும் வரவில்லை. இருவரும் ஒன்றாகப் படித்து வந்தவர்கள், ஒரே வாசலில் நின்றுபோனவர்கள். அவர் தெரிந்துகொள்ளாமல் போன முடிவை அவள் மட்டும் எப்படிக் கேட்பது? டீச்சர் அவள் பக்கம் குனிந்து, "அம்மா, நீங்க... பரவாயில்லையா?" என்றார்.

அம்மா குப்பைத்தொட்டிப் பக்கம் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவர் தலையை விட்டு எழுந்து போக அவள் தயாரில்லை என்பது தெரிந்தது. எழுந்து போகாமல் இருக்க வழி தேடுகிறாள் என்பதும் தெரிந்தது. பிறகு எட்டி, திருச்செல்வத்தின் தட்டில் மிச்சமிருந்த பஞ்சிலிருந்து கொஞ்சம் கிள்ளினாள். இரண்டு உருண்டையாக உருட்டினாள். ஒன்றை இந்தக் காதிலும், மற்றதை அந்தக் காதிலும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ம், படி," என்றாள் அம்மா. காது அடைத்திருந்ததால் குரல் வழக்கத்தைவிட உரக்க வந்தது.

வசந்தன் படித்தான். ஆறாம் வகுப்போடு நின்ற தமிழ். முதல் பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாக வந்து நின்றன. மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்று விரலை வைத்துப் பார்த்துப் படித்தான். ஒரு வரியை இரண்டு தடவை படித்தபோது மாமா மெல்ல, "அது முடிஞ்சிருச்சு தம்பி, கீழ போ" என்றார். இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் பழகியது. அக்காக்காரி வாசலில் நின்றாள். உள்ளே விளக்கு எரிந்தது. கருப்பாயி அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அப்பாவின் முகம் எப்போதும்போல, எதிரில் இருப்பவன் சொல்வதை நம்பாத முகமாகவே இருந்தது.

கதவு திறந்ததா இல்லையா என்பதை இங்கே சொல்ல முடியாது. அந்த புளோக்கில் இன்னும் பாதி வீடு பாக்கி இருக்கிறது. மாமா கைக்குட்டையை எடுத்தார், கருப்பாயி அக்கா "ஆத்தாடி" என்று நெஞ்சில் கைவைத்தாள், கதையே தெரியாத பாலோக்காரர் மூக்கை உறிஞ்சினார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒரு கையைப் பெட்டிக்குள் அவர் தோள்மேல் வைத்துக்கொண்டு, அவரைப் பார்ப்பாள். பிறகு நிமிர்ந்து வசந்தனின் உதட்டைப் பார்ப்பாள், அது அசைகிறதா என்று. அசைந்தால் மறுபடி அவரைப் பார்க்கக் குனிவாள். அவர் நெற்றியில் வழிந்திருந்த விபூதியைச் சரிசெய்தாள். காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றி மறுபடி போட்டாள். மறுபடி நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசி வரி வந்தது. படித்து முடித்தான்.

 திருச்செல்வம் மூடியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார். வெயிலில் நின்றவர்கள் இன்னும் திரும்பவில்லை, முடிந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மா நிமிர்ந்து அவன் உதட்டைப் பார்த்தாள்.

வசந்தன் தாள்களை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினான். தலையைக் குனிந்து, சத்தமில்லாமல், வாயை மட்டும் அசைக்க ஆரம்பித்தான். அம்மா குனிந்துகொண்டாள். திருச்செல்வம் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மூடியை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு ஓர் ஓரமாக நின்றார்.

ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரம் ஆனதும், வசந்தன் மறக்காமல் தாளைத் திருப்பினான்.